குறுந்தகடும் நம் கடமையும்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

நம் புதுவையில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார் என்பதை அறியாத மாணவர் இக்கல்லூரியில் இருக்க முடியாது. ஆனால் அவர் மறைந்தபின் அந்நாட்குறிப்பு ஏறக்குறைய 85 ஆண்டுகள் தேடுவாரற்றுக் கிடந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 1846-ஆம் ஆண்டில் கல்லுவா மோம்ப்ரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். கண்டெடுத்ததோடு பணி முடியவில்லை, அது படியெடுக்கப்பட்டது. ஒரு படி பாரிசிலுள்ள தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. பின்னர் 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அதனை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுவையைப் பற்றி நாம் தேர்வில் எழுதும் விடைகளில் பாதி, யாரோ சிலர் பொறுமையோடு உட்கார்ந்து படியெடுத்ததனால் நமக்குக் கிடைத்தவை எனலாம்.

படியெடுக்கும் அந்தக் கடமை இன்று நம் தலைமுறையின் வாயிலில் வந்து நிற்கிறது. நாம் படியெடுக்க வேண்டியது ஓலையை அன்று; குறுந்தகட்டை. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "குறுந்தகடா? அது நேற்று வந்ததாயிற்றே!" என்கிறார்கள். நேற்று வந்தது இன்றே அழிந்து கொண்டிருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

எங்கள் வீட்டுத் தகடுகள்

என் ஆயா பாகூரில் வயல் வேலை செய்தவர். நடவுப் பாட்டும் தாலாட்டும் அவருக்கு மூச்சைப் போல வரும். 2007-ஆம் ஆண்டில் என் மாமா அவரைப் பாடச் சொல்லி ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிறகு நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து மூன்று குறுந்தகடுகளாக மாற்றி வந்தார். ஒலிநாடா எங்கே போயிற்று என்று இன்று எவருக்கும் தெரியாது. ஆயா 2011-ல் மறைந்தார். அப்போது எனக்கு ஏழு வயது. அவர் முகம் படத்தில் இருக்கிறது. குரல் அந்த மூன்று தகடுகளில் மட்டுமே இருந்தது.

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில், பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, குறுந்தகட்டிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் செயலி ஒன்றைக் கொண்டு முதல் தகட்டைப் படியெடுத்தேன். மற்ற இரண்டையும் "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று வைத்தேன். இடையில் இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்தது. நானும் ஆர்வத்தோடு அதற்கு மாறினேன். அதன்பின் அந்தச் செயலியைத் திறந்தால், "வேண்டிய பகிர்வு நூலகத்தைத் திறக்க இயலவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று ஒற்றை வரி சொல்லிவிட்டு மூடிக் கொண்டது. அந்தச் செயலியின் பெயர் இங்கு வேண்டாம். பெயர் எதுவாயினும் கதை ஒன்றே.

தெருப் பெயர் மாறிய கதை

இந்தப் "பகிர்வு நூலகம்" என்பது யாது? ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டிய எல்லா வேலைகளையும் தானே செய்து கொள்வதில்லை. எழுத்தைத் திரையில் வரைவது, கோப்பைச் சுருக்குவது, தகட்டை வாசிப்பது முதலிய பொது வேலைகளைச் செய்யும் நிரல்தொகுப்புகள் கணினியில் ஓரிடத்தில் இருக்கும். பல செயலிகள் அவற்றைப் பகிர்ந்து கொள்ளும். ஊர்ப் பொதுக்கிணறு போல எனலாம். ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு பெயரும் பதிப்பெண்ணும் உண்டு. செயலி அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைக்கும்.

புதுவை மாணவர்க்கு இதை விளக்குவது எளிது. இன்று நாம் நேரு வீதி என்று அழைப்பது ஒரு காலத்தில் துய்ப்ளெக்ஸ் பெயரால் வழங்கிய தெரு. பழைய பெயரை எழுதிய கடிதம் ஒன்று இன்று வந்தால், ஊரறிந்த பழைய தபால்காரர் கொண்டு சேர்த்து விடுவார். புதிதாக வந்தவர் "அப்படி ஒரு தெரு இல்லை" என்று திருப்பி அனுப்புவார். என் செயலிக்கு நேர்ந்ததும் இதுவே. அது பழைய பெயரைச் சொல்லி அழைத்தது; புதிய இயங்குதளத்தில் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை.

அப்படியானால் "அந்தத் தெருதான் இந்தத் தெரு" என்று தபால்காரருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதாதா? நானும் அவ்வாறே எண்ணினேன். பழைய பெயரில் ஓர் இணைப்பை உருவாக்கிப் புதிய நூலகத்தைச் சுட்டினேன். செயலி திறந்தது, அரை நிமிடத்தில் வீழ்ந்தது. காரணம் பின்னர்தான் விளங்கியது. தெருவின் பெயர் மட்டுமா மாறியிருந்தது? வீடுகளின் உள்ளமைப்பும் மாறியிருந்தது. கடிதம் வாசல் வரை சென்றது. ஆனால் அங்கே பெற்றுக் கொள்ள வேண்டிய ஆள் இல்லை. பெயரை மட்டும் ஒட்டவைத்து உள்ளே நேர்ந்த மாற்றத்தை மறைக்க முடியாது என்னும் பாடத்தை அன்று கற்றேன்.

அடுத்து, செயலியின் மூலநிரலை எடுத்துப் புதிய நூலகத்தோடு சேர்த்துத் தொகுத்துப் பார்த்தேன். மூன்று மாலைகள் சென்றன. பிழைப் பட்டியல் நீண்டதே தவிர வேலை முடியவில்லை. சோர்ந்து போய் ஆய்வகத்து அண்ணனிடம் சென்று முறையிட்டேன். அவர் சிரித்துக் கொண்டே கேட்டார்: "எந்த நூலகம் இல்லைன்னு சொல்லுது தம்பி?"

"சாளரம், பொத்தான் இதெல்லாம் வரையற நூலகம் அண்ணே."

"தகட்டைப் படிக்கிறது சாளரமா? அதுக்குப் பின்னாடி வேற ஒரு ஆள் உக்காந்து படிச்சிட்டிருப்பான், பாரு."

பார்த்தேன். அந்த அழகிய செயலி வெறும் முகம்தான். தகட்டை உண்மையில் வாசித்தது 'சிடிபாரனாயா' என்னும் எளிய கட்டளைக் கருவி. சாளரமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஆகவே அவற்றை வரையும் நூலகம் மாறியதைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை. அது புதிய இயங்குதளத்தின் களஞ்சியத்திலேயே நல்ல நிலையில் இருந்தது. அதை நிறுவி இரண்டாம் தகட்டைப் படியெடுக்க அன்று மாலை எனக்குக் கால் மணி நேரம்தான் ஆயிற்று.

ஒலித்தகடு ஏன் எளிதில் படியாவதில்லை?

"கோப்பை இழுத்துப் போட்டால் போயிற்று, இதற்கு ஒரு செயலி எதற்கு?" என்று கேட்கலாம். பாடல் தகட்டில் நாம் நினைக்கும் பொருளில் கோப்பு என்பதே இல்லை. 1980-ல் வகுக்கப்பட்ட விதிப்படி, ஒலி வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, இடது வலது என இரு தடங்களாக, ஒவ்வோர் அளவும் 16 இருமஇலக்கமாக, ஒரே நீண்ட சுருள் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வினாடிக்கு 75 துண்டுகள். ஒரு நிமிட ஒலிக்கு ஏறக்குறைய 10 மெகாபைட்டு. இசைப்பெட்டி அதை ஓட்டிக் கொண்டே போகும் நோக்கத்தோடு அமைந்தது; நடுவில் நிறுத்தித் தொடர்ந்தால் சரியாக அதே இடத்தில் மீண்டும் தொடங்கும் உறுதி இல்லை. அதனால்தான் பெயரிலேயே ஐயத்தைக் கொண்ட அந்தக் கருவி, ஒரே பகுதியைச் சற்று மேற்கவிந்து மீண்டும் மீண்டும் வாசிக்கிறது. ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒத்து வந்தால்தான் ஏற்கிறது. பழைய ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் கண்ட பதிப்பாசிரியர்களின் வேலையைத்தான் அது செய்கிறது.

கடையில் எழுதித் தரும் தகடுகளுக்கு ஆயுள் இன்னும் குறைவு. அவற்றில் ஒலி பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மங்க வைக்கும். கடற்கரை நகரமாகிய புதுவையில் ஈரத்திற்குக் குறைவுண்டா? மேலும், பலரும் பளபளக்கும் அடிப்பக்கத்தையே பாதுகாக்கிறார்கள். உண்மையில் பதிவுப் படலம் மேற்பக்கத்துப் பெயரெழுதும் பரப்புக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அங்கே குண்டூசி முனைக் கீறல் விழுந்தாலும் மீட்பில்லை.

மூன்றாம் தகட்டை நான் செலுத்தியபோது இதைக் கண்ணாரக் கண்டேன். கருவி அயராமல் முயன்றது. கடைசிப் பாட்டில் வந்து நின்றது. இரவு முழுதும் விட்டு வைத்தேன். விடியலில் பார்த்தால் பாட்டின் பாதிதான் கிடைத்திருந்தது. அம்மா அருகில் வந்து, "ஆயா குரல் வருதாடா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "அந்தக் கடைசிப் பாட்டு?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை.

குற்றம் யாருடையது?

இந்த இடத்தில் லினக்ஸைப் பழிப்பது எளிது. "இலவசமாகக் கிடைத்தது அப்படித்தான் இருக்கும், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று சிலர் ஏளனம் செய்வர். நான் இக்கருத்தை ஏற்கவில்லை.

முதலாவதாக, நூலகங்கள் புதுப்பிக்கப்படுவது வீண் வேலை அன்று. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் பொது நூலகத்தில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. உலகெங்கும் எண்ணற்ற கணினிகளின் இரகசியங்கள் அதன் வழியே கசியக்கூடிய நிலை ஏற்பட்டது. அந்த ஒரு நூலகத்தைத் திருத்தியவுடன், அதைப் பகிர்ந்து கொண்ட செயலிகள் யாவும் ஒருங்கே காப்பாற்றப்பட்டன. பொதுக்கிணற்றைத் தூர் வாரினால் ஊருக்கே நல்ல நீர். தூர் வாரும் நாளில் சில குடங்கள் நிரம்பாமற் போவதைக் குற்றமாகக் கருதலாகாது.

இரண்டாவதாக, அந்தப் பின்னாலிருந்த கருவியை என்னால் கண்டுபிடிக்க முடிந்தது எதனால்? கதவு திறந்திருந்ததனால். 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய குனு இயக்கமும், 1991-ல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸும் நமக்குத் தந்த உரிமை அது: உள்ளே பார்க்கும் உரிமை, மாற்றும் உரிமை, பிறருக்குக் கொடுக்கும் உரிமை. மூடிய பெட்டி பழுதானால் புதுப் பெட்டி வாங்குவதன்றி வேறு வழியில்லை. திறந்த பெட்டி பழுதானால் கற்றுக் கொள்ளும் வாய்ப்பாவது மிஞ்சும்.

ஆனால் நடுநிலையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழையதைக் கைவிடும் வேகத்தில் திறந்த மென்பொருள் உலகம் சில வேளை இரக்கமற்று நடந்து கொள்கிறது. 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது. புதிய பதிப்புக்கு மாற்றி எழுத ஆளில்லாத சிறு செயலிகள் பல களஞ்சியங்களிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றை எழுதியவர்கள் ஊதியமின்றி உழைத்தவர்கள். அவர்களைக் குறை கூற நமக்கு வாயில்லை. அந்த இடத்தை நிரப்ப முன்வராத நம்மைத்தான் குறை கூற வேண்டும். நாம் கோடிக்கணக்கில் பயன்படுத்துகிறோம். எத்தனை பேர் ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறோம்? எத்தனை பேர் ஒரு பக்கமேனும் தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறோம்?

என் கதையில் குற்றவாளி யார் என்று கேட்டால், புதுப்பிப்பு அன்று என்பேன். பிழைச் செய்தியைப் படிக்காமல் ஓராண்டு தள்ளிப் போட்ட என் சோம்பலே குற்றவாளி.

இது திருட்டா?

"தகட்டைப் படியெடுப்பது சட்டப்படி தவறல்லவா?" என்று சிலர் அஞ்சுகின்றனர். நம் பாட்டியின் குரலைப் படியெடுக்க எவருடைய இசைவும் வேண்டியதில்லை. விலைக்கு வாங்கிய தகடுகளைப் பொறுத்தவரையிலும், நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டிற்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. 2012-ல் செய்யப்பட்ட திருத்தம், பூட்டப்பட்ட தகடுகளின் பூட்டை உரிமை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைக் குற்றமாக்கியது. அதே பிரிவு சட்டம் தடுக்காத நோக்கங்களுக்கு விலக்கும் அளித்தது. திரைப்படத் தகடுகளைப் படியெடுத்துத் தெருவில் விற்பதை நான் ஆதரிக்கவில்லை. கள்ளப் படி வேறு, காப்புப் படி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசி, செய்ய வேண்டியதையும் செய்யாமல் விடுவது கோழைத்தனம்.

"கடையில் கொடுத்தால் செய்து தருவார்களே" என்பது இன்னொரு வாதம். செய்து தருவார்கள், அளவைச் சுருக்கி, ஒலியின் நுட்பத்தைக் குறைத்து, பெயரும் தேதியும் இன்றித் தருவார்கள். அடுத்த முறை தேடினால் கடையே இருக்குமா என்பதும் ஐயம். 'ஃபிளாக்' என்னும் திறந்த வடிவத்தில் நாமே சேமித்தால் ஒலியில் ஓரணுவும் குறையாது. இடமும் ஏறக்குறைய பாதியே ஆகும்.

புதுவையில் கண்ட நல்வழி

வழிகாட்டத் தொலைவில் எவரையும் தேட வேண்டியதில்லை. 1955 முதல் நம் நகரில் இயங்கிவரும் பிரெஞ்சு நிறுவனமும், தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் திரட்டிக் காத்த சைவச் சுவடிகள் ஏறக்குறைய 11,000; 2005-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதே இரு நிறுவனங்களும் 2007-ல் தேவாரத்தை, ஆங்கில விளக்கத்தோடும் சொல்லடைவோடும் ஒரு குறுந்தகடாக வெளியிட்டன. குறிப்பிடத்தக்கது என்னவெனில், அது தகட்டோடு நின்றுவிடவில்லை, இணையத்திலும் ஏற்றப்பட்டது. ஆகவே இன்று தகடு வாசிக்கும் பெட்டியே இல்லாத மடிக்கணினி வைத்திருக்கும் மாணவனும் அதைப் படிக்க முடிகிறது. நம் ஆயா பிறந்த ஆண்டில் வெளியான தகடா அது? இல்லை, அவர் குரல் பதிவான அதே 2007-ல் வெளியானது. ஒன்று பிழைத்தது, ஒன்று பாதி அழிந்தது. தகட்டின் தரத்தாலா? இல்லை. உரிய காலத்தில் படியெடுத்ததால் ஒன்று பிழைத்தது. படியெடுக்காததால் மற்றது அழிந்தது.

நாம் செய்ய வேண்டியவை

கல்லூரிக்கு என் வேண்டுகோள்கள் நான்கு. முதலாவது, நூலகத்தில் தகடு வாசிக்கும் பெட்டியோடு கூடிய ஒரு லினக்ஸ் கணினியை இதற்கென்றே ஒதுக்க வேண்டும். அது இணையத்தோடு இணையாமல், நன்றாக இயங்கும் நிலையில் அப்படியே இருக்கட்டும். புதுப்பிப்பு அதைத் தொடவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். இரண்டாவது, அதன் அருகே ஒரு குறிப்பேடு வைக்க வேண்டும். எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை, என்ன பிழை வந்தது, எப்படித் தீர்ந்தது என்று செய்தவர் தமிழில் எழுதி வைக்கட்டும். அடுத்து வரும் மாணவன் மூன்று மாலைகளை இழக்க மாட்டான். மூன்றாவது, ஒவ்வொரு படிக்கும் பாடியவர், ஊர், ஆண்டு ஆகிய விவரங்களை இணைத்து, வெவ்வேறு இடங்களில் இரு படிகளாவது வைக்க வேண்டும். நான்காவது, நாட்டுநலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் மாணவர், சிற்றூர்களில் முடங்கிக் கிடக்கும் கூத்து, நடவுப்பாட்டு, ஒப்பாரித் தகடுகளை உரியவர் இசைவோடு கேட்டுப் பெற்றுப் படியெடுத்துத் திருப்பித் தர வேண்டும்.

இது கணிப்பொறித் துறை மாணவரின் வேலை என்று கலைத் துறையினர் ஒதுங்கலாகாது. எந்தக் குரல் காக்கத் தக்கது என்று அறிந்தவர் தமிழும் வரலாறும் பயில்வோர். அதை எப்படிக் காப்பது என்று அறிந்தவர் கணிப்பொறி பயில்வோர். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஒரு கல்வியாண்டிலேயே பெரும்பணி முடியும்.

நண்பர்களே! இந்த மலரை வீட்டுக்கு எடுத்துச் செல்வீர்கள். அன்றே பரணையும் அலமாரியையும் திறந்து பாருங்கள். திருமணத் தகடோ, தாத்தாவின் பேச்சோ, கோயில் திருவிழாவின் நாதசுவரமோ ஒன்று கிடைக்கும். வெள்ளம் வருமுன் அணை போடுங்கள். செயலி திறக்க மறுத்தால் அது சொல்லும் வரியை முழுதாகப் படியுங்கள். அதில் பாதி விடை இருக்கிறது. மீதி விடையை நூலகக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். என் ஆயாவின் கடைசிப் பாட்டின் மறுபாதி இனிக் கிடைக்காது. உங்கள் வீட்டுப் பாட்டாவது முழுதாக இருக்கட்டும்.